மாமா போடாத ஸ்டாப் லாஸ்

அக்கா அந்த மாடிக்கு ஒரே ஒரு முறைதான் வந்தாள். செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு, வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று என்னைப் பார்த்தாள்.

நான் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே ஏசி ஓடியது. அந்தக் குளிரில் எப்போதும் ஓர் ஈரத்துணி வாடை இருக்கும். நாற்காலிகளில் இருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆபீசுக்குப் பெண்கள் வருவதில்லை. மானிட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் ஷேர் ஆர்டர் போடும் கௌரி ஒருத்திதான் பெண்.

“வாங்கமா, யாரப் பாக்கணும்?” என்றாள் கௌரி.

“நான் ஏகாம்பரம் வூட்டுக்காரிமா. இவன் என் தம்பி.”

கௌரி சட்டென்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையாக ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் எண்கள். ஏறினால் நீலமாகவும் இறங்கினால் சிவப்பாகவும் அவை மின்னும். அன்று சிவப்பு.

“இதுல எங்க வூடு எதுமா?”

யாரும் சிரிக்கவில்லை. கௌரி என்னைப் பார்த்தாள். பிறகு ஏதோ தட்டி மாமாவின் கணக்கைத் திறந்து, அதில் இருந்த ஒரே வரியின் மேல் விரலை வைத்தாள். அக்கா குனிந்தாள். அவளுக்கு எழுத்து வராது, எண் தெரியும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி எண் ஒன்று மாறியது.

“இப்ப இன்னா ஆச்சு?”

“கொஞ்சம் எறங்கிச்சுமா.”

அக்காவின் காது மொட்டையாக இருந்தது. கம்மல் இருந்த துளையில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

டீ வாங்கி வருபவன்

மூட்டு தேய்ந்து நான் தறியை விட்டு இறங்கியதைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் சொல்லி நிறுத்தினேன். அதற்குப் பிறகு சில மாதம் சும்மா இருந்தேன். அப்போது காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் ஷேர் வாங்கி விற்கும் ஆபீஸ் ஒன்று வந்தது. சென்னையில் இருந்த ஒரு கம்பெனிக்கு அது கிளை. ஷட்டர் திறக்க, கூட்ட, டீ வாங்கிவர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பேச்சும் வராது. யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். முதல் வாய் குடிக்கும்போது முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன். அந்த இடத்துச் சொற்களையும் அப்படித்தான் பிடித்தேன். எந்தச் சொல்லுக்கு யார் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால், பாதி அர்த்தம் தெரிந்துவிடும்.

ஷேர் என்பது ஒரு கம்பெனியில் சின்னப் பங்கு. அது கைக்கு வராது. கம்ப்யூட்டரில் நம் பெயரில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் கணக்குக்கு டிமேட் என்று பெயர். முழுப் பணம் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டால் டெலிவரி. காலையில் வாங்கி அன்றைக்கே கடை மூடுவதற்குள் விற்றுவிட்டால் இன்ட்ராடே. ஏறும் என்று வாங்குகிறவர் காளை, இறங்கும் என்று விற்கிறவர் கரடி.

கையில் இல்லாததை முதலில் விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கிக் கொடுப்பார்கள். அதற்கு ஷார்ட் என்று பெயர். இது எனக்கு வெகுநாள் புரியவில்லை. இல்லாத சேலையை எப்படி விற்பது? பிறகு ஒருநாள் ஷட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. கீழே பட்டுக் கடைக்காரர் அதைத்தானே செய்கிறார்? கல்யாண வீட்டில் விலை பேசி ஆர்டர் பிடித்த பிறகுதான் அவர் நூலே வாங்குகிறார்.

அங்கே வருகிறவர்களில் வரதன் சாரை மட்டும் சொல்லியாக வேண்டும். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமண் காயாமல் வருவார். சில நாள் கோயில் இட்லி கொண்டு வருவார். அவர் பையைத் திறந்தால் ஏசி வாடை போய், சுக்கும் மிளகும் மணக்கும். எனக்கும் ஒரு துண்டு உண்டு.

ஏனாத்தூர்ப் பக்கம் நிலத்தை விற்றவர்கள் சிலரும் வந்தார்கள். அப்புறம் என் மாமா வந்தார்.

வாடகை வீட்டில் ஒரு குழி

மாமா என்றால் அக்காவின் கணவர், ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீடு. கல்யாணமாகி அக்கா காலடி வைத்ததே அந்த வீட்டில்தான். கூடத்தில் தறிக்குழி. குழித்தறியில் நெய்கிறவன் தரையில் தோண்டிய குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். தறியைப் பிரித்து எடுத்துப் போகலாம். குழியை எடுத்துப் போக முடியாது. குழி தோண்ட விடுகிற வீட்டுக்காரர் கிடைப்பதும் நாளாக ஆக அரிதாகிவிட்டது.

வீட்டுக்காரர் சென்னையில் இருந்தார். ஒரு நாள் வந்து, வீட்டை விற்கப் போகிறேன் என்றார்.

“இத்தன வருசம் இருந்துட்டீங்க. உங்களுக்கே முதல்ல சொல்றேன். அடுத்த சித்திரைக்குள்ள முழுசா குடுத்தா வூடு உங்களுது. இல்லன்னா வேற ஆளு பாத்துக்கறேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

மாமாவும் அக்காவும் சேர்த்து வைத்திருந்தது வீட்டு விலையில் பாதிக்கு வந்தது. மீதிப் பாதிக்கு ஒரு வருஷம் இருந்தது. பேங்கில் கேட்டார். கூலி நெசவுக்கு என்ன காகிதம் காட்டுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரம்தான் ஊரெல்லாம் ஷேர் பேச்சு. எது வாங்கினாலும் ஏறியது. முடிதிருத்தும் கடையில் கம்பெனிப் பெயர்களைச் சொன்னார்கள். நான் வேலை செய்யும் இடம் என்பதால் மாமா துணிந்து வந்தார் என்று நினைக்க வேண்டாம். எனக்கு முன்பே அவருக்கு அந்த மாடி தெரியும். கீழே கடைக்குச் சேலை கொண்டுவரும்போது, மேலே படியேறிப் போகிறவர்களின் புதுச் செருப்பை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் பேராசைக்காரர் இல்லை. கொஞ்ச காலத்துக்கு முன்பு, மாதாமாதம் கொள்ளை வட்டி தருகிறோம் என்று தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. எங்கள் தெருவில் பாதிப் பேர் போட்டார்கள். மாமா போடவில்லை. “வட்டி அவன் குடுப்பான், முதல யாருபா குடுப்பான்?” என்று சிரித்தார். ஒரு நாள் பூட்டுத் தொங்கியது. மண்ணை வாரித் தூற்றிய பெண்கள் நடுவே, அக்கா மட்டும் பால் வாங்கிக்கொண்டு பேசாமல் போனாள். அதிலிருந்து, தான் ஒரு ஜாக்கிரதையான ஆள் என்ற நம்பிக்கை மாமாவுக்கு இருந்தது. எங்களுக்கும் இருந்தது.

நூல் யாருடையது

முதலில் டெலிவரியில்தான் வாங்கினார். ஏறியது. விற்று, வேறு வாங்கினார். அதுவும் ஏறியது. ஆனால் சித்திரைக்குள் பணம் இரண்டு மடங்காக இந்த நடை போதாது.

அப்போதுதான் ஆபீசுக்குச் சென்னையிலிருந்து வந்துபோகும் ஒருவர் மார்ஜினைப் பற்றிச் சொன்னார். விலையில் கால் பங்கை நாம் கட்டினால் போதும், மீதியைக் கம்பெனி போடும். அதே பணத்துக்கு நாலு மடங்கு ஷேர் வாங்கலாம்.

மற்றவர்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார்கள். மாமா தயங்கவில்லை. ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முதலில்தான் வேலை செய்திருக்கிறார். பட்டு நூல் முதலாளி கொடுப்பது. சரிகை முதலாளி கொடுப்பது. நம்முடையது கையும் காலும் மட்டும். பெரிய விலையுள்ள பொருளை நம்பி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள், நாம் கூலியை எடுத்துக்கொண்டு சேலையைக் கொடுப்போம். நெசவாளிக்கு இது புதிதில்லை.

“முதலாளி நூலு குடுக்கற மாதிரிதானமா இது?” என்று கௌரியைக் கேட்டார்.

“அப்படித்தான் அங்கிள்” என்றாள் அவள். ஏனாத்தூர்ப் பக்கத்துப் பெண், பி.காம். முடித்தவள், நல்லவள். ஆனால் தறியில் உட்கார்ந்ததில்லை.

தறியில் நூல் விலை இறங்கினால் முதலாளிக்குத்தான் நஷ்டம். நெய்தவன் கூலிக்கு ஒன்றும் ஆகாது. மார்ஜினில் இறங்கினால், கம்பெனி போட்ட முக்கால் பங்கு அப்படியே நிற்கும். இறக்கம் முழுக்க நம் கால் பங்கிலிருந்துதான் போகும். விலை கால்வாசி இறங்கினால் நம்முடையது முழுசாகப் போய்விடும். இது எனக்கே எல்லாம் முடிந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது.

அரக்குப் பாவு

மாமாவைப் பற்றி இன்னொரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் செய்தது புரியாது.

தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். பட்டுத் தறியில் ஒரு பாவு ஏறினால் மூன்று சேலை வரும். ஏறிய பாவை நடுவில் அறுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வீட்டில் சாவு விழுந்தாலும் தறிமேல் வேட்டியைப் போர்த்தி வைத்துவிட்டு, காரியம் முடிந்து வந்து, விட்ட இடத்திலிருந்து நெய்வார்கள். மூன்றாவது சேலை முடிந்த பிறகு கற்பூரம் காட்டித்தான் கத்தி வைப்பார்கள். நடுவில் அறுத்தவன் வீட்டில் அடுத்த பாவு நிற்காது என்பார்கள்.

ஒரு தடவை மாமாவுக்கு அரக்கு நிறத்தில் ஒரு பாவு வந்தது. சாயம் போடும்போது நூல் வெந்துபோயிருந்தது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓட ஓட இழை அறுந்தது. முதலாளியே வந்து பார்த்து, “அறுத்துப் போட்டுடு ஏகாம்பரம், வேற பாவு தரேன்” என்றார். மாமா கேட்கவில்லை. அறுந்த ஒவ்வோர் இழைக்கும் முடி போட்டார். ஒரு விரற்கடை நெய்வதற்குள் பொழுது போய்விடும். ஆடியில் ஏறிய பாவு ஐப்பசியில் இறங்கியது. அந்த மாதங்களில் அக்கா கடனுக்கு அரிசி வாங்கினாள்.

அந்த மூன்றில் ஒரு சேலையை முதலாளி தன் மகள் கல்யாணத்துக்கே எடுத்துக்கொண்டார். பந்தியில் மாமாவை நிறுத்தி, “பொறுமைன்னா இந்த ஆளுதான்” என்று வேட்டி போர்த்தினார். அந்த வேட்டியை மாமா கட்டியதே இல்லை.

இப்படி ஒரு தடவை ஜெயித்தவரிடம் போய்த்தான், கௌரி ஸ்டாப் லாஸ் என்ற சொல்லைச் சொன்னாள்.

ஸ்டாப் லாஸ்

மாமாவின் பணம் முழுக்க அப்போது ஒரே கம்பெனியில், மார்ஜினில் இருந்தது. விலை லேசாக இறங்கத் தொடங்கியிருந்தது.

“அங்கிள், ஒரு ஸ்டாப் லாஸ் போட்டு வெச்சுடலாம்” என்றாள் கௌரி.

“அப்டின்னா?”

“இந்த வெலைக்குக் கீழ போனா தானா வித்துடும். கொஞ்சம் நஷ்டத்தோட வெளிய வந்துடலாம். பெரிசா அடிபடாது.”

மாமா விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “அதாவது பாதியில அறுத்துடும்.”

“ஆமா அங்கிள். கட் ஆயிடும்.”

“வாணாம்மா.”

“சேஃப்டிக்குத்தான் அங்கிள்.”

“ஏறின பாவ நடுவுல அறுக்கறது எங்க வழக்கம் இல்லமா. இழ அறுந்தா முடி போடுவோம், அவ்ளோதான்.”

வரதன் சார் பேப்பரைத் தாழ்த்தினார். “ஏகாம்பரம், நான் சொல்றதக் கேளும். நான் தெனமும் போடறேன். நஷ்டத்தை அன்னன்னிக்கே கொடுத்துட்டு, ஆத்துக்குப் போய் நன்னாத் தூங்கறேன்.”

“நீங்க தூங்கறீங்க சார். பணம் தூங்குதா?”

எல்லோரும் சிரித்தார்கள். வரதன் சாரும் சிரித்தார். அதில் உண்மை இருந்தது. அவர் போட்ட ஸ்டாப் லாஸை மாலைக்குள் விலை தொட்டுவிடும், விற்றுவிடும், மறுநாள் அதே ஷேர் ஏறும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய பென்ஷன் பணமும் கரைந்தது. அவர் தப்பித்தார் என்றால், அவருடைய வீடு தப்பியது என்று அர்த்தம். வேறொன்றும் மிஞ்சவில்லை.

அன்று சாயங்காலம் மாமாவோடு நடந்து வந்தேன். சங்கர மடம் தாண்டும் வரை சொல்லலாமா வேண்டாமா என்று நாக்கு புரண்டது. எனக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

“மாமா, ஒண்ணு சொல்லட்டா? அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்னு நெனைக்கறேன். பாதி வித்துட்டாகூடப் பரவால்ல. வூட்டுக்கு வெச்ச பணம்.”

மாமா நின்றார். கோபப்படவில்லை. என் முட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

“நீ மூட்டு வலின்னு தறிய வுட்டு எறங்கினவன் மச்சான். உனுக்கு அறுக்கறது ஈசி.”

கடைத்தெருவில் மல்லிகைப்பூ கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு ஒரு முழம் வாங்கினார். அவர் அன்றைக்கும் நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

முடி போட்டுக்கொண்டே

பிறகு இறக்கம் வேகமானது. எங்கேயோ வெளிநாட்டில் பேங்குகள் விழுகின்றன என்றார்கள். பிள்ளையார்பாளையத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

விலை இறங்கும்போது இன்னும் கொஞ்சம் வாங்கினால், வாங்கிய சராசரி விலை குறையும். இதற்கு ஆவரேஜ் பண்ணுவது என்று பெயர். மாமாவுக்கு இந்தச் சொல் பிடித்துப்போனது. அது அவருக்கு முடி போடுவது. கைமாற்றாக வாங்கி ஒரு தடவை போட்டார். மறுபடி இறங்கியது. மறுபடி போட்டார்.

அவர் பொறுமையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அரக்குப் பாவுக்கு வைத்த அதே பொறுமைதான். ஆனால் பாவுக்கு ஒரு நீளம் உண்டு. எவ்வளவு கெட்ட பாவாக இருந்தாலும் மூன்று சேலையோடு தீர்ந்துவிடும் என்று தெரிந்துதான் முடி போடுகிறோம். ஷேருக்கு நீளம் கிடையாது. அது எதுவரை இறங்கும் என்று கௌரிக்கும் தெரியாது, மார்ஜினைச் சொல்லிக்கொடுத்த சென்னைக்காரருக்கும் தெரியாது.

ஒருநாள் போன் வந்தது. கௌரி ரிசீவரை வைத்துவிட்டு மாமாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“மார்ஜின் பத்தலயாம் அங்கிள். நாளைக்குக் காலையில கட்டணும்னு சொல்றாங்க. இல்லன்னா அவங்களே வித்துடுவாங்க.”

இதற்கு மார்ஜின் கால் என்று பெயர். இந்தச் சொல்லுக்கு மட்டும் எல்லோர் முகமும் ஒரே மாதிரி மாறும்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா ரசத்தை ஊற்றிவிட்டு, மாமா எதையும் கேட்பதற்கு முன்பே கம்மல் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். வலது காதில் திருகு வரவில்லை. வருஷக்கணக்காகக் கழற்றாதது. என்னைப் பார்த்து, “தேங்காண்ண எடுத்துக்கினு வா தம்பி” என்றாள்.

எடுத்து வந்தேன். மாமாவே எண்ணெய் தொட்டுத் திருகினார். நெசவுக் கை, காது வலிக்காமல் கழற்றினார்.

“சித்திரைக்குள்ள ஏறிடும்” என்றார்.

“நான் ஒண்ணும் கேக்கலியே” என்றாள் அக்கா.

மறுபடியும் அந்த மாடி

மறுநாள் காலையில் மாமா கம்மலை அடகு வைக்கப் போனார். அவரை வழியனுப்பிவிட்டு, வீட்டில் இருப்புக்கொள்ளாமல்தான் அக்கா படியேறி வந்தாள். இதுல எங்க வூடு எது என்று கேட்டாள்.

கௌரி காட்டிய அந்த வரியை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. எத்தனை ஷேர் என்று ஓர் எண். வாங்கிய விலை ஓர் எண். இப்போதைய விலை ஓர் எண். முதல் இரண்டும் அசையாது. மூன்றாவது மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

“இது எப்பமா ஏறும்?”

“தெரியலமா.”

“உங்க ஆபீசுல யாருக்குமே தெரியாதா?”

கௌரி பதில் சொல்வதற்குள் வரி ஒரு தடவை மின்னியது. அசையாமல் இருந்த முதல் எண் போய், அந்த இடத்தில் பூஜ்யம் வந்தது.

“பூஜ்யம்னு போட்டுக்குதே” என்றாள் அக்கா. “எங்க போச்சு? இப்ப இருந்துச்சே.”

சென்னையிலேயே விற்றுவிட்டார்கள். இதற்கு ஸ்கொயர் ஆஃப் என்று பெயர். கௌரி போனை எடுத்துச் சத்தம் போட்டாள். கொஞ்ச நேரம் கொடுக்கக் கூடாதா, ஆள் பணம் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார் என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, “சரி சார், சரி சார்” என்று வைத்தாள். நான் டீ கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி வரதன் சார் முன்னால் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வரதன் சார் எழுந்து அவளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

மாமா வந்தார். வேர்த்திருந்தது. அக்காவை அங்கே பார்த்ததும் படியிலேயே நின்றார். பிறகு மஞ்சள் பையைக் கௌரியிடம் நீட்டினார்.

“இந்தாமா. கட்டிடு.”

“வித்துட்டாங்க அங்கிள்.”

“யாரு?”

“சென்னையில. நீங்க கணக்கு தொறக்கும்போது கையெழுத்துப் போட்டீங்க இல்ல, அதுல அந்த ரைட்ஸ் அவங்களுக்கு இருக்குது.”

மாமாவின் குரல் உயரவே இல்லை. “யாரக் கேட்டு அறுத்தாங்க?”

கௌரி அழுதாள். எங்கள் ஆபீசில் யாராவது அழுது நான் பார்த்தது அன்றுதான். அழவேண்டியவர்கள் அழவில்லை.

மாமா பையை மறுபடி நீட்டினார். “சரி, போவட்டும். இதுக்கு எவ்ளோ வருமோ, அதையே திரும்ப வாங்கு. கீழ கெடக்குது, இப்ப வாங்கினாத்தான் ஏறும்போது...”

அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்து பையை எடுத்தாள். பிடுங்கவில்லை. சந்தையில் கனமான பையை வாங்கிக்கொள்வதுபோல் எடுத்துக்கொண்டாள்.

“வாங்க, அடகுக் கட மூடறதுக்குள்ள போவலாம்” என்றாள்.

கம்பெனி தன் பணத்தை எடுத்துக்கொண்டதுபோக எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கம்மல் மட்டும் அன்றைக்கே திரும்பி வந்தது.

ஏறியதா?

அந்த ஷேர் பிறகு ஏறியதா என்று கேட்பார்கள். ஏறியது. வெகுகாலம் கழித்து, மாமா வாங்கிய விலையையும் தாண்டியது. அதுதான் எங்களுக்கு வந்த பெரிய கேடு. ஏறாமலே போயிருந்தால் அவர் மறந்திருப்பார். ஏறியதால், தான் சொன்னதுதான் சரி என்று அவருக்கு நிலைத்துவிட்டது. டீக்கடைப் பேப்பரில் அந்த விலையைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, “அறுக்காம வுட்டிருந்தா வூடு நம்மளுது” என்பார்.

அது ஏறிய காலத்தில் அந்தச் சித்திரை எப்போதோ போயிருந்தது. வீட்டுக்கு ஒரு கெடு இருந்தது, ஷேருக்கு இல்லை. கெடு வைத்த பணத்தைக் கெடு இல்லாத இடத்தில் போட்டோம். இதற்கு அந்த மாடியில் ஏதாவது சொல் இருந்திருக்கும். என் காதில் விழவில்லை. சொல்லிப் பார்க்கலாம் என்றால், அவரிடம் இதை எப்படிச் சொல்வது? பொறுமைதான் உங்களைக் கெடுத்தது என்று ஒரு நெசவாளியிடம் யார் சொல்ல முடியும்?

ஆபீசையும் மூடிவிட்டார்கள். கௌரி சென்னைக்கு வேலைக்குப் போனாள். எனக்கு மறுபடி வேலை இல்லை.

குழி

சித்திரை பிறந்ததும் வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். வாங்குகிறவர் கூடத்தில் கடை வைக்கப் போகிறாராம். தரையைச் சமமாக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் அட்வான்சில் பிடித்துக்கொள்வார்களாம்.

கடைசிப் பாவு இறங்கியிருந்தது. புதுப் பாவு வாங்கவில்லை. தறியைப் பிரித்து வாசலில் சாத்தியிருந்தோம். எங்கே கொண்டுபோவது என்று முடிவாகவில்லை. விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்துபோனார்கள். தெருமுனையில் மண் கொட்டியிருந்தார்கள். நானும் மாமாவும் கூடையில் அள்ளி வந்து கூடத்தில் குவித்தோம்.

மிதிகட்டையைக் கழற்றுவதற்காக மாமா குழிக்குள் இறங்கினார். கழற்றி மேலே வைத்தார். ஆனால் ஏறவில்லை. இடுப்பளவு குழி. இரண்டு கையையும் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கால் வைத்து வைத்து, குழியின் சுவர் ஓரிடத்தில் எண்ணெய் தடவினாற்போல் வழுவழுப்பாக இருந்தது. அதைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் மண் கூடையோடு நின்றேன்.

“ஏறி வாங்க மாமா.”

“கொட்டு.”

“நீங்க ஏறுங்க.”

“கொட்டுடான்னா.”

கூடையைக் கீழே வைத்துவிட்டேன். வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். அவரைப் பார்த்தாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குழியின் அந்தப் பக்கம் போய், அவர் கால் படாத மூலையில் மண்ணைக் கொட்டினாள். மறுபடி போய் அள்ளி வந்தாள். அதே மூலையில் கொட்டினாள். மாமா அசையவில்லை. அவள் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

மண் சரிந்து சரிந்து அவர் பாதத்தை மூடிய பிறகுதான் அவர் காலை உருவி எடுத்தார். நான் கையை நீட்டினேன். அதைப் பிடிக்காமல், குவிந்த மண்மேல் கால் வைத்து ஏறி வெளியே வந்தார்.